அத்தியாயம் 4: கிரயத்துக்கு முன் எந்தச் சோதனை?

உத்தமபாளையத்திலும் அதைச் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களிலும் வீடு வாங்க முற்படுகிறவர், விற்பவரைப் பெரும்பாலும் முன்பே அறிந்தவராகவோ, அறிந்தவர் வழியாக வந்தவராகவோதான் இருக்கிறார். அந்தப் பரிச்சயமே போதிய காப்பு என்று எண்ணி, விலை பேசி, நல்ல நாள் பார்த்து, அச்சாரம் கொடுத்து, பத்திரமும் பதிந்துகொண்ட பிறகு, சுற்றுச்சுவர் எழுப்பும் நாளில் பக்கத்து வீட்டார் வந்து தடுக்கும்போதோ, ஐப்பசி மழையில் மாடித்தளம் ஒழுகும்போதோதான், தாம் வாங்கியது இன்னதென்று முதன்முதலாக அறிகிறார். அந்த அறிவைக் கிரயத்துக்கு முந்திய தேதிக்குக் கொண்டுவருவதே இந்த அத்தியாயத்தின் உத்தேசம். எல்லாருக்கும் எல்லாச் சோதனையும் வேண்டியதில்லை. ஆனால் தாம் வாங்கும் வீடு எத்தகைய நிலத்தில், எத்தகைய ஆதாரத்தின் மேல், எந்தக் காலத்துக் கட்டுமானமாக நிற்கிறது என்பதைப் பார்த்து, எந்தச் சோதனையை விலக்கவே கூடாது என்று நிர்ணயிக்க ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விற்கிறவருக்கு விற்கும் பாத்தியதை உண்டா என்பது முதற்கேள்வி. மூலப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சியாக ஆதாரங்களைப் படித்து, வில்லங்கச் சான்றோடு ஒப்பிட்டு, வாரிசுகளின் நிலையையும் விசாரித்து, வக்கீல் எழுத்து மூலமாகத் தரும் அபிப்பிராயமே அதற்கு விடை. பத்திரத்தில் கண்ட இடம் தரையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு விடை சொல்லத்தக்கவர் நில அளவர். அந்த இடத்தின்மேல் நிற்கும் சுவரும் தளமும் இன்னும் எத்தனை காலம் தாங்கும், அவற்றைச் செப்பனிட என்ன செலவாகும் என்பது மூன்றாவது. அது கட்டடப் பொறியாளரின் வேலை. இம்மூவரில் ஒருவர் தரும் விடையை மற்ற இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துப் பொருத்திக்கொள்வதே வீடு வாங்குவோர் பலரும் அடையும் நஷ்டத்துக்கு மூலகாரணம் என்பது எனது உறுதியான எண்ணம். வக்கீலின் அபிப்பிராயம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், மூன்று சென்ட் என்று எழுதியிருப்பது தரையில் இரண்டே முக்கால் சென்டாக இருப்பதை அது காட்டாது. அளவர் கல் நட்டுக் கொடுத்துவிட்டார் என்பதால், சுவருக்குள் கரையான் ஏறவில்லை என்று ஆகிவிடாது.

இங்கிலாந்தில் 1868-இல் ஸ்தாபிதமான பட்டய அளவர் சங்கத்தின் முறைப்படி, வீட்டின் வயதையும் நிலையையும் பார்த்து மூன்று படிகளில் ஒன்றைத் தேர்ந்து சோதனை செய்விக்கும் வழக்கம் வாங்குவோரிடையே வேரூன்றியிருக்கிறது. ஸ்காட்லாந்திலோ, 2008 டிசம்பர் முதல், வீட்டின் நிலையைக் குறித்த அறிக்கையை விற்பவரே தயாரித்து வைத்திருக்க வேண்டுமென்று சட்டமே விதிக்கிறது. நம் தேசத்தில் அப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் இல்லையாதலால், படிகளை வாங்குபவர் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. வீட்டுக் கடன் பெறும்போது வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, அடியளந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறார். பத்திரம் பதிந்தபின், கட்டடத்தின் மதிப்பைச் சரிபார்க்கப் பதிவுத்துறையினரும் ஸ்தலத்துக்கு வருவதுண்டு. ‘இத்தனை பேர் பார்த்திருக்கிறார்களே, இன்னும் நான் என்ன பார்க்க வேண்டும்’ என்று வாங்குகிறவர் ஆறுதல் அடைகிறார். கொடுத்த கடனுக்கு ஈடு போதுமா என்பதைத்தான் வங்கியின் மதிப்பீட்டாளர் பார்க்கிறார். முத்திரைத் தீர்வை குறைவாகச் செலுத்தப்பட்டதா என்பதைத்தான் பதிவுத்துறை பார்க்கிறது. கிழக்குச் சுவர் யாருடையது என்றோ, கழிவுநீர்த் தொட்டி பக்கத்து மனைக்குள் இருக்கிறதா என்றோ விசாரிப்பது அவர்களில் எவருடைய கடமையும் அன்று. பத்திரத்தைப் பதிவு செய்து கொடுப்பதால் அதில் எழுதிய அளவு சரியானதென்று சார்பதிவாளர் அத்தாட்சி கொடுத்தவராகவும் ஆகமாட்டார்.

சட்டமும் வாங்குகிறவரிடத்தில் ஒரு ஜாக்கிரதையை எதிர்பார்க்கிறது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, தமக்குத் தெரிந்த முக்கியமான குறைகளை விற்பவர் வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்திருந்தால் கண்டுபிடிக்க முடியாத குறைகளுக்கே அந்தக் கடமை பொருந்தும். கண்ணுக்குத் தெரிந்த விரிசலையும், கயிறு பிடித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய அளவுக் குறைவையும் பின்னாளில் முறையிட்டுப் பரிகாரம் பெறலாம் என்று நம்பியிருப்பதற்கு ஆதாரம் அதிகமில்லை.

இனி நிலஅளவையைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் உத்தமபாளையம் நீதிமன்றங்களைப் போன்ற வட்டத் தலைநகரத்து உரிமையியல் மன்றங்களில் வீட்டு வழக்குகள் பெரும்பாலும் இதிலிருந்தே முளைக்கின்றன. நம் மாகாணத்தில் அளவைக் கலைக்கு நீண்ட பரம்பரை உண்டு. சோழர் காலத்தில் உலகளந்த கோல் கொண்டு நிலம் அளக்கப்பட்டது. 1794-இல் சென்னையில் அளவைப் பள்ளி தொடங்கி, அதுவே பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. 1802-இல் பரங்கிமலையின் அருகே வில்லியம் லாம்டன் என்ற அளவை அதிகாரி தமது அடிக்கோட்டை அளந்து, இந்தியா முழுமைக்குமான முக்கோண அளவையைத் தொடங்கினார். பின்னர் ரயத்துவாரி முறைக்காகப் புலம் புலமாக அளந்து எழுதியவற்றின் வழிவந்ததே, இன்று நம் கைக்கு வரும் புலப்படம். எஃப்.எம்.பி. என்று எல்லாரும் வழங்குவது அதைத்தான். ஒரு சர்வே எண்ணின் எல்லைத் திருப்பங்கள், கற்கள் நிற்கும் இடங்கள், கல்லுக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட தூரம், உட்பிரிவுக் கோடுகள் ஆகிய யாவும் அதில் அளவோடு குறிக்கப்பட்டிருக்கும். பழைய படங்களில் தூரம் லிங்க் கணக்கில் இருக்கும். நூறு லிங்க் கொண்ட சங்கிலி 66 அடியாகையால், ஒரு லிங்க் 7.92 அங்குலம்; ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. புதிய படங்களில் மீட்டர். பழையதில் கண்ட எண்ணைப் புதியதன் அலகில் படித்துவிட்டுப் பதறுகிறவர்களும், அதற்கு மாறாகத் திருப்தி அடைந்துவிடுகிறவர்களும் உண்டு. ஆதலால் அலகை முதலில் பார்த்துக்கொள்க.

1923-ஆம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டத்தின்படி அளவை முடிந்து அறிவிக்கை வெளியாகிவிட்டால், நீதிமன்றத் தீர்ப்பால் மாற்றப்பட்டாலன்றி, அப்பதிவு எல்லைகளைப் பொறுத்தவரை முடிவான சாட்சியமாகும்; அதனால் பாதிக்கப்பட்டவர் வழக்கிட மூன்று வருஷ அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அளவை தீர்மானிப்பது எல்லையையே. அந்த எல்லைக்குள் உள்ள நிலம் யாருக்குப் பாத்தியப்பட்டது என்பதை அது தீர்மானிப்பதில்லை. பட்டாவும் அப்படியே வருவாய்க் கணக்கின் பதிவுதான். பத்திரமில்லாத பட்டாவை மட்டும் நம்பி முழுக் கிரயத் தொகையையும் எண்ணிக் கொடுப்பதற்கில்லை.

அரசாங்க நில அளவரைக் கொண்டு அளப்பதா, தனியார் அளவரைக் கொண்டு அளப்பதா என்பது அநேகர் கேட்கும் கேள்வி. டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு வரும் தனியார் அளவர், குறிப்பிட்ட நாளில் வந்து, சுவர், கிணறு, மரம், மின்கம்பம் முதலிய சகலத்தையும் நுட்பமாக அளந்து, சில தினங்களில் அழகான வரைபடம் தருவார். நிலத்தின் மேல் இப்போது இருப்பது என்ன என்பதை அறிய அதைவிட உத்தமமான சாதனம் இல்லை. ஆயினும் எல்லையில் தகராறு எழுந்தால், அந்த வரைபடத்துக்குப் பக்கத்து வீட்டாரைக் கட்டுப்படுத்தும் பலம் கிடையாது. வட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, அண்டை நிலத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்து, குறுவட்ட அளவர் வந்து, புலப்படத்தின்படி அளந்து, அவர்கள் முன்னிலையில் கல் நடும்போதுதான் எல்லைக்கு ஒரு ஸ்திரம் ஏற்படுகிறது. வழக்கு மன்றம் ஏறினாலும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆவது கட்டளைப்படி நியமிக்கப்படும் வழக்கறிஞர் ஆணையர், அதே வட்ட அளவரையும் அதே புலப்படத்தையும் துணைக்கொண்டே ஸ்தலத்தைப் பார்வையிடுவது வழக்கம். ஆகவே இரண்டில் ஒன்றுக்கு மட்டும்தான் பணவசதி உண்டு என்றால், எல்லையில் சிறிது சந்தேகம் தோன்றினாலும் அரசாங்க அளவையையே தேர்ந்துகொள்க. எல்லை தெளிவாக இருந்து, கட்டடத்தின் அமைப்பும் விஸ்தீரணமும் மட்டுமே தெரியவேண்டியிருந்தால் தனியார் அளவை போதும். அரசாங்க அளவைக்கான விண்ணப்பத்தை இப்போது இணையத்திலும் கொடுக்கலாம். பட்டாதாரரின் பெயரில் கொடுப்பதே வழக்கமாதலால், விற்பவரின் ஒத்துழைப்பில்லாமல் காரியம் நடவாது. அவர் ஒத்துழைக்க மறுத்தால் அதுவும் ஒரு தகவல் என்றே கொள்ள வேண்டும்.

அளவர் வரும் நாளில் வாங்குபவரும் ஸ்தலத்தில் இருக்க வேண்டும். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பத்திரங்களில் கிழமேல் இத்தனை ஜாதியடி, தென்வடல் இத்தனை ஜாதியடி என்று எழுதி, நான்கு எல்லைகளையும் கூறும் செக்குபந்தி சொல்லி முடிப்பார்கள். தாத்தா காலத்து ஆதாரங்களில் தச்சுமுழக் கணக்கும் காணப்படும். தச்சுமுழம் 33 அங்குலம் என்பது வழக்கம். பதினொரு முழத்துக்குப் பதினைந்து முழம் என்றால் முப்பதேகால் அடிக்கு நாற்பத்தொன்றேகால் அடி, ஏறக்குறைய 1248 சதுர அடி. அதைச் சாதாரண முழம் என்று கொண்டு ஒன்றரை அடியால் பெருக்கினால் 371 சதுர அடிதான் வரும். பிற்காலத்துப் பத்திரம் எழுதியவர் எந்த முழத்தை எந்த அடியாக மாற்றினார் என்பதை, மூலப்பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விடலாகாது. பட்டாவில் விஸ்தீரணம் ஏர் கணக்கில் இருக்கும். ஓர் ஏர் 1076 சதுர அடியாகையால், அதில் அரை ஏர் வித்தியாசம் என்பது 538 சதுர அடி, ஒரு சிறு வீட்டின் பாதி மனை.

நான்கு பக்கங்களின் நீளமும் சரியாக இருந்துவிட்டால் விஸ்தீரணமும் சரியாகவே இருக்கும் என்று நினைப்பதும் பிழை. முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைமட்டம் சரியாக இருந்தால் குறுக்களவு ஐம்பதடி வரும். பரப்பு 1200 சதுர அடி. அதே நான்கு பக்கங்களை வைத்துக்கொண்டு மனை சாய்ந்து போயிருந்து, குறுக்களவு நாற்பத்து நான்கு அடியானால், பரப்பு 1166 சதுர அடிதான். கொத்தனார்கள் அஸ்திவாரம் கீறும்போது மூன்று, நான்கு, ஐந்து என்று கயிறு பிடித்துப் பார்ப்பது இதற்காகவே. ஆகவே அளவரிடம் குறுக்களவையும் எழுதித் தரும்படி கேளுங்கள். செக்குபந்தியில் கண்ட எல்லைகளும் எழுதிய அளவும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், பொதுவாக எல்லைகளையே பிரதானமாகக் கொள்வது நீதிமன்றங்களின் வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘வடக்கே இன்னார் வீடு’ என்று எழுதிய இன்னார் காலமாகி, அந்த வீடும் மூன்று கைமாறியிருந்தால், அது இன்று எந்தச் சுவர் என்று அண்டையாரின் வாயால் கேட்டு, அளவையின்போதே நிச்சயப்படுத்திக்கொள்வதுதான் விவேகம்.

இவ்வளவும் பொதுவான விஷயம். இடத்தின் தன்மையை ஒட்டித் தேர்வு மாறும்.

உத்தமபாளையத்தில் திருக்காளாத்தீஸ்வரர் கோயிலையும் பள்ளிவாசல்களையும் ஒட்டி நெருங்கி நிற்கும் பழைய தெருக்களிலும், சுற்றுக் கிராமங்களின் ஊர் நடுவிலும் உள்ளவை பெரும்பாலும் நத்தம் மனைகளாக இருக்கும். பழைய அளவையில் குடியிருப்புப் பகுதி முழுவதையும் நத்தம் என்று சேர்த்தே குறித்துவிட்டு, வீட்டுக்கு வீடு எல்லை பிரிக்காமல் விட்டார்கள். 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் நத்தம் நிலவரித் திட்டத்தின்கீழ்தான் தனித்தனி மனையாக அளந்து, தோராயப் பட்டாவும் பின்பு தூய பட்டாவும் வழங்கினார்கள். ஆகையால் நத்தம் வீட்டுக்கு அந்தத் திட்டத்தின் வரைபடமும் பதிவேடும் பத்திரமும் மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதே பிரதான சோதனை. தோராயப் பட்டாவோடு நின்றுபோன மனைகளுக்கு ஏன் நின்றது என்று கேட்காமல் மேலே போகாதீர்கள்.

நத்தத்தில் அளவைக்கு அடுத்தபடியாக வருவது சுவர். அக்காலத்து மண்சுவர் ஒன்றரையடிக் கனத்துக்குக் குறையாது. பத்திரத்து அளவு சுவர் உட்பட்டதா, சுவர் நீங்கலானதா என்ற ஒரே கேள்வியில், நீளமான வீட்டுக்கு அறுபது எழுபது சதுர அடி வந்தும் போகும். பக்கத்து வீட்டோடு சேர்ந்து நிற்பது பொதுச்சுவரானால், பழைய வீட்டை இடித்துக் கட்டும் நாளில் அச்சுவரைத் தொடுவதற்கு அவருடைய சம்மதம் தேவைப்படும். முடுக்கு வழியாக நடைபாதைப் பாத்தியம் யாருக்கு, ஓட்டுக்கூரையின் தண்ணீர் எவர் இடத்தில் விழுகிறது, கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பவை பத்திரத்தில் இருக்கவும் கூடும், இல்லாமலும் போகலாம். ஆனால் இருபது வருஷம் இடையூறின்றி நடந்துவந்த அனுபோகம் 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி பாத்தியமாகவே ஆகிவிடக்கூடும். அரசாங்க அளவர் இவற்றை எழுதமாட்டார். நத்தம் வீட்டுக்கு மட்டும், அரசாங்க அளவையோடு, சுவரின் கனம், இறவாரம், முடுக்கு, ஜலதாரை எல்லாம் குறித்த தனியார் வரைபடம் ஒன்றும் அவசியம் என்று நான் வற்புறுத்துவேன்.

நகர அளவை முடிந்த நகராட்சிப் பகுதிகளில் கிராம சர்வே எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர அளவை எண் என்ற முறையில் பதிவேடு இருக்கும். பழைய பத்திரம் கிராம எண்ணைச் சொல்லும். இரண்டையும் இணைக்கும் ஒப்பீட்டை வாங்கிவிட்டால் போதும்.

இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய மற்றொரு வகை, நஞ்சையாக இருந்து மனையாக மாறிய இடம். 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீரால் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அந்த வயல்களின் ஓரத்திலும் நடுவிலும் இப்போது பிளாட்டுகள் பெருகிவருகின்றன. இத்தகைய இடத்தில் முதற்சோதனை அங்கீகாரம். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி இருக்கிறதா, 2016 அக்டோபர் 20-க்கு முன் உண்டான அனுமதியற்ற மனையானால் வரன்முறை ஆணை பெறப்பட்டதா என்பது தெரியாமல் அச்சாரம் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, வாய்க்கால். கிளை வாய்க்காலின் அகலம் இன்று தரையில் ஆறடியாகத் தோன்றலாம். கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் அது எத்தனை அகலம் என்று பார்த்தால், மனையின் பின்பகுதி நீர்வழிப் புறம்போக்கில் விழுந்திருப்பது சில இடங்களில் தெரியவரும். புறம்போக்கில் கட்டிய சுவருக்கு எந்தப் பத்திரமும் காப்பாகாது. அந்த நீரை நம்பிக் கடைமடையில் பயிர் செய்கிறவனுக்குச் செய்யும் அநியாயமும் அதில் கலந்திருக்கிறது.

மூன்றாவது, மட்டம். நஞ்சை மனைக்கு நீள அகலத்தைவிட உயரந்தாழ்வே முக்கியம் என்றாலும், அதை அளக்கச் சொல்கிறவர்கள் சொற்பம். தெருவின் நடுமட்டம், வாய்க்கால் நிறைந்து ஓடும்போது அதன் நீர்மட்டம், வீட்டுத் தரைமட்டம் ஆகிய மூன்றையும் பொறியாளரைக் கொண்டு எடுக்கச் செய்யுங்கள். முதற்போகத்துக்காக ஜூன் மாதம் தண்ணீர் திறந்த பிறகு போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. கோடையில் காய்ந்து கிடந்த மூலை, தண்ணீர் வந்தபின் கசிவதைக் கண்ணாலேயே காணலாம். நெல் விளைந்த களிமண்ணின்மேல் மண்ணடித்து மேடாக்கி உடனே கட்டிய வீடானால், அஸ்திவாரம் எத்தனை ஆழத்தில், எந்த மண்ணில் நிற்கிறது என்று கட்டியவரைக் கேளுங்கள். திருப்தியான பதில் இல்லையென்றால் ஓர் ஓரத்தில் குழி தோண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். காலிமனை வாங்கிக் கட்டப்போகிறவருக்கு மண் பரிசோதனை இங்கே விலக்கத்தகாதது.

ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி பக்கங்களில் திராட்சைத் தோட்டம் மனையாகும்போது, பந்தலுக்கு நட்ட கல்தூண்களின் வரிசையே எல்லை என்று காட்டுவாருண்டு. பந்தற்கால் எல்லைக்கல் ஆகாது. புலப்படத்தில் கண்ட வேறு இரண்டு கற்களிலிருந்தாவது தூரம் ஒத்துவந்தாலன்றி எந்தக் கல்லையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஜமீன் கிராமங்களாக இருந்தவற்றில் 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் நடந்த செட்டில்மெண்டுப் பதிவிலிருந்து ஆதாரம் தொடங்க வேண்டும். கோயில் பெயரோ, வக்பு பெயரோ, அனாதீனம், நிபந்தனைப் பட்டா என்ற குறிப்போ கிராம நிலக்கணக்கான ‘அ’ பதிவேட்டில் தென்பட்டால், அளவையை நிறுத்திவிட்டு வக்கீலிடம் போக வேண்டும். அனுமதியில்லாமல் விற்கப்பட்ட கோயில் நிலத்தின் கிரயம், 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி செல்லாது. இத்தகைய இடத்தில் எவ்வளவு நுட்பமாக அளந்தும் பயனில்லை.

கட்டடச் சோதனைக்கு வருவோம். பத்து வருஷத்துக்கு உட்பட்ட கான்கிரீட் வீட்டுக்கு, அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் அரைநாள் இருந்து கண்ணாலும் கைக்கருவியாலும் பார்ப்பது சாமானியமாகப் போதும். அதற்கு மேற்பட்ட வயதானால், தளத்தில் காரை பெயர்ந்து கம்பி துருவேறியிருக்கிறதா, தூணிலும் உத்தரத்திலும் விரிசல் ஓடுகிறதா என்று தட்டிப் பார்ப்பதோடு, கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் சுத்தியல் கருவியையும் உபயோகிக்கச் சொல்ல வேண்டும். சுவரில் சாய்வாக ஏணிப்படி போல் இறங்கும் விரிசல், அஸ்திவாரம் ஓரிடத்தில் இறங்கியதன் அடையாளமாக இருக்கக்கூடும். பூச்சில் மட்டும் வலைபோல் பரவிய மெல்லிய வெடிப்பு அவ்வளவு பயப்படத்தக்கதன்று. மெட்ராஸ் டெரஸ், மச்சு, நாட்டு ஓடு ஆகிய பழைய வகை வீடுகளுக்கு முழுச் சோதனையே வேண்டும். விட்டத்தின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் கரையானும் ஈரமும் முதலில் தாக்குகின்றனவாதலால், அங்கே உளியால் குத்திப் பார்க்கச் சம்மதியாத விற்பனையில், மரம் முழுவதையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்தே கணக்கிட வேண்டும். தூக்குக்குண்டும் ரசமட்டமும் கைவசமுள்ள முதிர்ந்த கொத்தனார் ஒருவரைப் பொறியாளரோடு சேர்த்து அழைத்துப் போவதை நான் மிகவும் சிலாக்கியமாகக் கருதுகிறேன். பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தை அத்தகைய கொத்தனார்கள் அறிந்த அளவு இளைய பொறியாளர் எல்லாரும் அறிந்திருப்பதில்லை.

விற்பனைக்கென்று புதிதாக வெள்ளையடித்த வீட்டில் ஓதம் தெரியாது. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த வாரத்தில் போய்ப் பாருங்கள்; முடியாவிட்டால், அலமாரியின் பின்புறத்தையும் மாடிப்படியின் அடிப்புறத்தையும் வெளிச்சம் காட்டிப் பாருங்கள், அந்த இடங்களில் பெரும்பாலும் சுண்ணாம்பு எட்டியிருக்காது. அடுக்கு மாடிக் குடியிருப்பு வாங்குவோர் ரெரா என்னும் மனைவணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவைப் பார்த்துக்கொண்டால், 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை நிறுவனமே தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். பதிவுக்கு உட்படாத சிறு கட்டடங்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

இத்தனை சோதனைக்கும் பணம் எங்கே என்று கேட்கலாம். இப்போதைய விகிதப்படி முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஏழும் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு இரண்டுமாக, முப்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு இரண்டு லட்சத்து எழுபதினாயிரம் செலுத்துகிறோம். அளவைக்கும் பொறியாளருக்கும் சேர்த்து அதில் சிறு பங்குதான் ஆகும். பணத்தைவிடப் பெரிய தடையாக நிற்பது தாட்சண்யம். தெரிந்தவர் விற்கும் வீட்டை அளக்க வேண்டும் என்று சொன்னால் அவர் மனம் வருந்துமே என்று தயங்குகிறார்கள். அப்படித் தயங்குகிறவர், விற்பவரிடம் போய், “அண்ணே, உங்க மேல சந்தேகப்பட்டுக் கேக்கல. நாளைக்கு உங்க பிள்ளைகளும் எம் பிள்ளைகளும் அத்துக்காக ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேச்சு வாங்கக் கூடாது. உங்க கையாலயே மனுக் கொடுங்க, அளந்து கல்லப் போட்டு வாங்கிக்கிறேன், செலவு என்னோடது” என்று சொல்லிப் பார்க்கட்டும். செலவு தம்முடையது என்று வாங்குபவர் ஏற்றுக்கொண்டபின், நேர்மையான விற்பனையாளருக்கு மறுக்கக் காரணம் இராது.

இவையெல்லாம் அச்சாரத்துக்கு முன் நடப்பதே உத்தமம். போட்டிக்கு வேறொருவர் நிற்பதால் முன்பணம் கொடுத்தே தீர வேண்டியிருந்தால், தொகையைச் சிறியதாக வைத்து, கிரய உடன்படிக்கையில் இவ்வாறு எழுதச் செய்யுங்கள்: இத்தனை நாளுக்குள் அரசாங்க அளவை நடைபெற வேண்டும், அளவு குறைந்தால் சதுர அடிக்கு இன்ன விகிதம் கழிக்கப்படும், எல்லை தீராத தகராறானாலோ, பொறியாளரின் அறிக்கையில் கட்டடத்தின் ஆதாரமான பாகம் பழுதென்று கண்டாலோ, முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும். வாய்மொழியாகச் சொன்னதை இருவரில் ஒருவர் மறந்துவிடுவது சகஜமாகையால், எழுதிக் கையெழுத்தாக வேண்டும்.

அளவை முடிந்தபின் அதன் பலனைப் பத்திரத்துக்குள் கொண்டுவர வேண்டும். பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தை அப்படியே பெயர்த்தெழுதுவது பத்திர எழுத்தர்களின் வழக்கம். அதற்கு இடங்கொடாமல், இப்போதைய சர்வே எண், உட்பிரிவு எண், பழைய எண், நான்கு பக்கமும் குறுக்களவும் மீட்டரிலும் அடியிலும், இன்று அண்டையில் இருப்போரின் பெயர், பொதுச்சுவரும் நடைபாதையும் யாருக்கு எவ்வளவு என்பவற்றைப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். அளவரின் வரைபடத்தைப் பத்திரத்தோடு இணைத்து, இரு தரப்பும் அதில் கையெழுத்திடலாம். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. முழு உட்பிரிவையும் வாங்கினால் பட்டா மாறுதல் எளிது. உட்பிரிவின் ஒரு பாகத்தை மட்டும் வாங்கினவரோ, கூட்டுப்பட்டாவில் தம் பங்கைப் பெற்றவரோ, பதிவு முடிந்த கையோடு உட்பிரிவு செய்யும்படி மனுக் கொடுத்து, அளவர் மறுபடியும் வந்து புலப்படத்தில் தம் கோட்டை ஏற்றிப் புது எண் தரும்வரை தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். புது எண்ணுடன் வந்த புலப்படத்தின் நகலைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்து, நடப்பட்ட கற்கள் ஒவ்வொன்றையும் பின்னணியில் வீடு தெரியும்படி புகைப்படம் எடுத்துத் தேதியிட்டுக் கொள்க.